பஞ்சவர்ணத்தின் கோபத்தில் வெந்த சோறு

வளர்மதியின் கருமாதி முடிந்த மறுநாள் காலையில் கரிமூட்டக் குத்தகைக்காரர் தவமணியின் வீட்டில் உலை கொதிக்கவில்லை. கேஸ் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, நீலமாக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி எரிந்துகொண்டிருந்தது. பானைத் தண்ணீர் மட்டும் குழாயில் பிடித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. தவமணியின் மனைவி சிலிண்டரை ஆட்டிப் பார்த்தாள், குமிழைத் திருகிப் பார்த்தாள், கடைசியில் என்ன நினைத்தாளோ, சுண்டுவிரலைத் தீக்குள் நீட்டினாள். தீ குளிர்ந்திருந்தது. மார்கழி விடியலில் பித்தளைக் குடத்தைத் தொட்டதுபோல் இருந்தது என்று பிறகு தன் தாய்வீட்டில் சொன்னாள்.

அதே நேரத்தில் ஊருக்குள் அங்காளம், அடுப்பில் பானையை ஏற்றிவிட்டு விறகில்லாமல் அடுத்த தெருவுக்கு நாலு சுள்ளி கடன் கேட்கப் போனவள், வெறுங்கையோடு திரும்பி வந்து பார்த்தபோது பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்குள் பூனை படுத்திருந்தது. பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்காளம் கொஞ்ச நேரம் பூனையைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பானையைப் பார்த்தாள், பிறகு பசி நேரத்தில் ஆராய்ச்சி எதற்கென்று அரிசியைக் களைந்து போட்டாள்.

நெடுங்கரையேந்தலில் விறகுக்குப் பஞ்சம் வந்தது மரம் இல்லாததால் அல்ல. கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேல மரம்தான், தண்ணீர் நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் முள்ளாக நின்றது, ஊர்ப் பெண்கள் அதில் பட்ட கொப்புகளை ஒடித்துத்தான் தலைமுறையாக உலை வைத்தார்கள். அந்தக் கண்மாய் மரங்களைத் தவமணி ஏலத்தில் எடுத்தார். எடுத்ததும் முள்ளுக்கும் காவல் வந்தது. வெட்டிய கட்டைகளைக் குவித்து, வைக்கோலும் ஈரமண்ணும் பூசி, உள்ளே கங்கு போட்டுக் கரியாக்கும் மூட்டங்கள் கண்மாய்க்குள் கல்லறைமேடுகள்போல் வரிசையாக எழுந்தன. ஊர் ஆண்களில் பாதிப்பேர் அந்த மூட்டங்களில் கூலிக்குப் போனார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அதே கண்மாயில் சுள்ளி பொறுக்கினால் திருட்டு என்றானது. அரசாங்கம் கொடுத்த கேஸ் சிலிண்டர் வீட்டுக்கு வீடு இருந்தது. தீர்ந்ததும் மாற்றுவதற்கு ஒரு வாரக் கூலி வேண்டும், வண்டியும் ஊருக்குள் வராது, மெயின்ரோட்டிலேயே நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். அதனால் சிலிண்டர்களை மூலையில் நிறுத்தி மேலே தண்ணீர்க்குடம் வைத்திருந்தார்கள்.

பஞ்சவர்ணத்தின் ஒரே மகள் வளர்மதி அந்தக் கண்மாயில்தான் செத்தாள். சுள்ளி பொறுக்கப் போனவளைத் தவமணி பைக்கில் விரட்டினார் என்றும் விரட்டவில்லை என்றும் சொன்னார்கள். வெந்துகொண்டிருந்த மூட்டத்தின் மேல் அவள் ஏறியதும், உள்ளே கட்டை எரிந்து இறங்கிப்போன இடத்தில் மண் உள்வாங்கியதும், அவள் நெருப்புக்குள் போனதும் மட்டும் உண்மை. மூட்டத்தில் வேலைபார்த்த அத்தனை பேரும் போலீசில் ஒரே வாசகத்தைச் சொன்னார்கள்: நாங்கள் சாப்பிடப் போயிருந்தோம், வந்து பார்த்தபோது கிடந்தது. கரி திருட வந்த இடத்தில் தவறி விழுந்தாள் என்று கேஸ் முடிந்தது. பஞ்சவர்ணம் கணவனை இழந்தவள், நாலு ஆடு வைத்திருந்தவள், கேட்பதற்கு ஆள் இல்லாதவள். அவள் அழவில்லை. கருமாதியன்று மூட்டங்கள் இருந்த திசையைப் பார்த்து நின்று, "அவன் வீட்டு அடுப்புல அனல் இருக்கக் கூடாது" என்றாள், அவ்வளவுதான். இதையெல்லாம் மண்ணை வாரித் தூற்றிச் சொல்வதுதான் வழக்கம். அவள் கையைக்கூட அசைக்கவில்லை.

அனல் போய்விட்டது. போன அனல் எங்கே வந்தது என்று கண்டுபிடிக்க ஊருக்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. தவமணி வீட்டில் அடுப்பு எரிந்தால் ஊரில் உலை கொதித்தது. அவர் மூட்டத்துக்குத் தீ வைத்தால் பகலெல்லாம் ஊரின் வெற்று அடுப்புகள் கனன்றன. மூட்டத்தைப் பிரித்தால் கட்டை கட்டையாகவே இருந்தது, பச்சை வாசனைகூடப் போகாமல் இருந்தது. வெளியூரிலிருந்து புரோட்டா வாங்கிவரச் சொல்லிப் பார்த்தார், அவர் விரல் பட்டதும் அது மாவாகிக் கையில் ஒட்டியது. மதுரையில் லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கிப் பார்த்தார், இலையில் விழுந்த சோறு அரிசியாகிச் சலசலத்தது. அவர் மனைவிக்குத் தாய்வீட்டில் எல்லாம் ஒழுங்காக வெந்ததால் அவள் அங்கேயே இருந்துகொண்டாள். தவமணி வாழைப்பழமும் தேங்காயும் பச்சைப்பாலுமாக வாழ்ந்தார். ஆனாலும் தினமும் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தார், மூட்டத்தையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பசித்தவன் அடுப்பைப் பற்றவைக்காமல் இருக்க முடியாது. ஊருக்கு அது போதுமாக இருந்தது.

ஊர் ஆச்சரியப்படுவதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டது. தவமணி வீட்டில் பாத்திரம் கழுவிய பெண் அடுப்பு பற்றவைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், அது தெருத்தெருவாகக் கைமாறி, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் உலை ஏறும். ஊருக்குப் பெண் கொடுக்க வந்தவர்களிடம், "பொண்ணுக்கு ஒரு கஷ்டமும் இல்ல, குத்தகைக்காரர் அடுப்புலதேன் எங்களுக்குச் சமையல்" என்று பெருமையாகச் சொன்னார்கள். டீக்கடை மைதீன் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "மொதலாளி புண்ணியத்துல பால் பொங்குது" என்று சொல்லிச் சொல்லியே டீ ஆற்றினார். பெண்களின் கண்கள் தெளிந்தன. இருபது வருஷமாக இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை மறந்தார்கள், சுவர்க்கரியைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார்கள், முள் குத்திய கைகள் ஆறி மதியத்தில் தாயம் உருட்டின. யாராவது, இது ஒரு பெண்பிள்ளை செத்ததால் வந்தது அல்லவா என்று ஆரம்பித்தால், "அது தெய்வமாயிருச்சுப்பா, அதுவா குடுக்குது" என்று சொல்லி உருட்டிய தாயத்தைப் பார்த்தார்கள்.

பஞ்சவர்ணமும் அந்த அனலில்தான் சமைத்தாள். மற்றவர்கள் நன்றியோடு தின்றதை அவள் வஞ்சத்தோடு தின்றாள். ஒவ்வொரு கவளமும் தவமணியின் வயிற்றிலிருந்து எடுத்தது என்று நினைத்து மென்றாள், அது ருசியாக இருந்தது. சாயங்காலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கண்மாய்க்கரையில் ஏறினால் தவமணியின் வீட்டுப் பின்கட்டு தெரியும். அங்கே அவர் வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ, பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு, அடுப்பின் முன் குனிந்து நிற்பதை இருட்டும்வரை பார்ப்பாள். அவன் சாக வேண்டாம் என்று நினைப்பாள். செத்தால் பசி தீர்ந்துவிடும்.

ஒரு நாள் அவளுடைய வெள்ளாட்டுக் குட்டி தண்ணீர் இருந்த பிளாஸ்டிக் வாளிக்குள் தலையை விட்டு, எடுக்கத் தெரியாமல், வாளியோடு தெருவில் இறங்கி, எதிரே வந்த சைக்கிளுக்கு வழிவிட்டு ஓரமாகப் போனது. ஹெல்மெட் போட்டவன் பைக்கைத் தள்ளிக்கொண்டு போவதுபோல் அவ்வளவு மரியாதையாகப் போனது. பஞ்சவர்ணம் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் தெருவில் கூட்டம் கூடிவிட்டது, எல்லோர் கையிலும் கரண்டி இருந்தது.

"அத்தாச்சி, சிரிச்சியா?" என்றாள் அங்காளம்.

"ஆமா. ஏன்?"

"எங்க வீட்டு இட்லி அமுங்கிப்போச்சு."

"எனக்குப் பருப்பு நின்னுபோச்சு," என்றாள் இன்னொருத்தி. "அரவேக்காட்டுல நிக்குது. புள்ளைக பள்ளிக்கூடம் போகணும்."

தவமணியின் வீட்டில் அந்தச் சிரிப்பு நீடித்த நேரத்துக்கு அடுப்பு சுட்டது. உடைத்து ஊற்றிய முட்டையில் பாதி வெந்தது. அவர் அந்தப் பாதி முட்டையைத் தின்றுவிட்டு அடுப்பு மேடையில் தலையை வைத்து அழுதார். பாத்திரம் கழுவும் பெண் அதைப் பார்த்தாள், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது: அனல் வளர்மதியிடமிருந்து வரவில்லை. பஞ்சவர்ணத்தின் கோபத்திலிருந்து வருகிறது. அவள் ஆறினால் சோறும் ஆறிவிடும்.

அதன்பிறகு ஊர் பஞ்சவர்ணத்தைக் கோயில் விளக்கைப்போல் பார்த்துக்கொண்டது. பெண்கள் முறை வைத்துக்கொண்டு காலையில் ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி என்று வந்தார்கள். மீன் கொண்டுவந்தார்கள், வெற்றிலை கொண்டுவந்தார்கள், ஆட்டுக்குத் தழை கொண்டுவந்தார்கள். உட்கார்ந்ததும், "அந்தப் பாவி இன்னைக்குக்கூட வெள்ளையும் சொள்ளையுமா போறான் பாத்தியா அத்தாச்சி" என்று ஆரம்பித்தார்கள். மூட்டத்திலிருந்து எடுத்தபோது பிள்ளை எப்படிக் கிடந்தது என்று ஞாபகப்படுத்தினார்கள். சிரிப்புக்காட்டிய குட்டியை யாரோ அவிழ்த்துக்கொண்டுபோய் வடக்குத்தெருவில் கட்டிவிட்டார்கள். அவள் வீட்டு வழியாகப் போகிற கல்யாண வேன்களைப் பாட்டை நிறுத்தச் சொன்னார்கள்.

முதலில் அவளுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. மகளைப் பற்றிப் பேச ஊரில் ஆள் வந்துவிட்டதே என்று நினைத்தாள். நாளாக நாளாகத்தான் தெரிந்தது, அவர்கள் பேசுவது மகளைப் பற்றி இல்லை, மகளின் சாவைப் பற்றி. வளர்மதி பச்சைப் புளியங்காயை உப்பில் தோய்த்துத் தின்று முகத்தைச் சுளிப்பாள். கட்டைக்குரலில் பாடுவாள், பாடாதேடி என்றால் இன்னும் சத்தமாகப் பாடுவாள். செருப்பை எங்கே விட்டாள் என்று எப்போதும் தெரியாது. இவற்றில் எதையாவது நினைத்தால் பஞ்சவர்ணத்தின் நெஞ்சு இளகியது. இளகினால் எங்கோ ஒரு வீட்டில் உலை அடங்கி, கரண்டி பானையைத் தட்டியது. அதனால் புளியங்காயை நினைப்பதை விட்டாள். பாட்டை விட்டாள். மகளின் பத்தொன்பது வருஷத்தை ஒவ்வொன்றாக ஒதுக்கிவைத்துவிட்டு, கடைசி ஐந்து நிமிஷத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஊருக்குச் சோறாக்கினாள். இது என் பழியா, இவர்கள் பழியா என்று சிலசமயம் யோசித்தாள். யோசித்தால் கோபம் குறைந்தது. யோசிப்பதையும் விட்டாள்.

தவமணிக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அவளைச் சந்தித்துக் காலில் விழப் புறப்பட்டு வந்தார். தெருமுனையிலேயே பெண்கள் மறித்துக்கொண்டார்கள்.

"எங்க போறீக மொதலாளி?"

"பஞ்சவர்ணத்துக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா."

"அதெல்லாம் வேணாம். நீங்க போயி அடுப்பப் பத்தவைங்க. மணி பதினொண்ணாச்சு."

"நீங்க எல்லாரும் என் சோத்தத் திங்கிறீக," என்றார் தவமணி. அதில் கோபம் இல்லை, நியாயம் கேட்கிற தெம்பும் இல்லை.

"நாங்க சுள்ளி பொறுக்குனப்ப நீங்க இதத்தான சொன்னீக," என்றாள் அங்காளம்.

வேறு வழியில்லாமல் அவர் பஞ்சவர்ணத்தைச் சிரிக்கவைக்க ஏற்பாடு செய்தார். அந்தப் பக்கத்தில் பெயர்பெற்ற பபூன் ஒருவரை வரவழைத்து, விடிய விடிய நடக்க வேண்டிய நாடகத்தைப் பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சிரிப்பு வந்தாக வேண்டும் என்ற கணக்கில், அவள் வீட்டுக்கு நேரே பந்தல் போட்டு வைத்தார். ஊரே வந்து உட்கார்ந்தது. நாடகத்தைத் தவறவிட ஊருக்கு மனசில்லை, அவளைச் சிரிக்கவிடவும் மனசில்லை. எனவே பஞ்சவர்ணத்தை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்கள். பபூன் வந்து, "இந்த ஊர்ல அடுப்பே இல்லாம சமைக்கிறாகளாம், அதேமாரி பொண்டாட்டி இல்லாம புள்ள பெக்கவும் வழி இருந்தாச் சொல்லுங்கப்பா" என்றார். கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கிள்ளினார்கள். பஞ்சவர்ணத்துக்கும் உதடு துடித்தது. அப்போது முன்வரிசையைப் பார்த்தாள். தவமணி சிரித்துக்கொண்டிருந்தார். பசியில் ஒட்டிய கன்னம் குலுங்க, எதற்காக இந்த நாடகத்தை வைத்தோம் என்பதையே மறந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இவனால் சிரிக்க முடிகிறது என்று அவள் நினைத்தாள். அன்றைக்கு ஊர் முழுக்கச் சோறு அடிப்பிடித்தது. மைதீன் கடைப் பால்சட்டியின் அடி ஓட்டையாகிவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வானம் ஈயப்பாத்திரம்போல் கவிழ்ந்து கிடக்க, பஞ்சவர்ணத்தின் கோபமும் ஈரமேறிச் சுருண்டது. வயசாகிறது, உடம்பு தாங்கவில்லை, எந்நேரமும் எரிவதென்றால் யாரால் முடியும்? உலை கொதிக்க நேரமெடுத்தது. காய்ந்த விறகு எந்த வீட்டிலும் இல்லை, சேர்த்துவைக்கிற பழக்கமே போய்விட்டது. அன்று முறை அங்காளத்துடையது. வீட்டில் பிள்ளைகள் பசியோடு காத்திருக்க, முக்காட்டுச் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தாள். தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். பஞ்சவர்ணம் தலையை ஆட்டினாளே தவிர முகம் மாறவில்லை. எத்தனை தடவை கேட்டது. புதிதாக எதையாவது சொல்லியாக வேண்டிய அவசரத்தில் அங்காளம் சொன்னாள்:

"சுள்ளிக்கட்டக் கீழ போட்டிருந்தாக்கூடப் புள்ள பொழச்சிருக்கும் அத்தாச்சி. அம்புட்டுச் சொமையத் தலையில வச்சுக்கிட்டு மூட்டத்து மேல ஏறுனா மண்ணு தாங்குமா?"

பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள்.

"கட்டு அவ தலையிலதேன் இருந்துச்சுன்னு யாரு சொன்னது உனக்கு?"

அங்காளம் ஈரச்சேலை நுனியைப் பிழிந்தாள்.

"கட்டு எரிஞ்சுபோச்சு. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாக. வந்து பாத்தாக, கெடந்துச்சு. அப்புறம் தலையில இருந்தத யாரு பாத்தா? உன் வீட்டுக்காரரு பாத்தாரா?"

"அத்தாச்சி…"

"சோணை பாத்தாரா, பாக்கலையா?"

"பாத்தாரு."

"வேற யாரு?"

"எல்லாருந்தேன்," என்றாள் அங்காளம், மழைச்சத்தத்தில் அவளுக்கே கேட்காத குரலில். "உண்மையச் சொன்னா மூட்டத்த மூடிருவேன்னு மொதலாளி சொன்னாக. மூடிட்டா கூலிக்கு எங்க போறது? பொம்பளைகளுக்குப் பெறகுதேன் தெரியும்."

"பெறகுன்னா எப்ப?"

"அன்னைக்குச் சாயங்காலம்."

அங்காளம் அதற்குமேல் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. தான் வந்த வேலை முடிந்துவிட்டது, கோபம் நன்றாகவே பற்றிக்கொண்டது, என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு அவளுக்குள் ஓடியதாம். வீட்டுக்குப் போய் நல்ல நம்பிக்கையோடு பானையை வைத்தாள். பானை சில்லென்று இருந்தது.

மறுநாள் விடிந்தபோது நெடுங்கரையேந்தலில் எந்தத் தீயும் சுடவில்லை. தீக்குச்சி வெளிச்சம் காட்டியது, அவ்வளவுதான். பீடி பற்றவில்லை. நனைந்த விறகில் ஊற்றிய மண்ணெண்ணெய் அழகாக எரிந்தது. அதில் கைகாட்டிய பிள்ளைகள் குளிருதென்று கையை இழுத்துக்கொண்டன. ஊரின் அனலெல்லாம் பஞ்சவர்ணத்தின் வெற்று அடுப்பில் வந்து சேர்ந்திருந்தது. அவள் பானையை வைத்துக் கையை எடுப்பதற்குள் தண்ணீர் கொதித்தது. முதலில் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் எதைப் பார்த்தார்கள், எதை மறைத்தார்கள்? அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினாள். பின்னாலேயே பெரியவர்கள் அரிசிப்பானைகளோடு வந்து மழையில் வரிசையாக நின்றார்கள்.

"பானையக் கொண்டாங்க. வைக்கிறேன்," என்றாள் பஞ்சவர்ணம். "வச்சிட்டு இங்கன உக்காந்து, என்ன பாத்தீகன்னு சொல்லுங்க."

சோணை முதலில் வந்தான். அங்காளத்தின் கணவன், மூட்டத்துக்கு மண் பூசுவதில் அந்த ஊரில் அவனுக்கு நிகர் கிடையாது. "சாப்பிடப் போகல," என்றான். "மண்ணு அள்ளிப் போட்டுக்கிட்டிருந்தேன். தூரத்துல இருந்து பாத்தேன்."

பானைத் தண்ணீர் அசையவில்லை. அவன் பானையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"தூரத்துல இல்ல. பக்கத்துல. கைய நீட்டுனா எட்டியிருக்கும்."

பானையின் அடியிலிருந்து ஒரு குமிழி எழுந்து வந்தது.

"நீட்டுனீகளா?"

"இல்ல அத்தாச்சி."

சோறு வெந்தது. சோணை அதைத் தூக்கிக்கொண்டு போனபோது அவன் வீட்டு அடுப்பில் ஈர விறகு புகைய ஆரம்பித்திருந்தது. இப்படியே ஒவ்வொருவராக வந்தார்கள், பார்த்தவர்கள் பார்த்ததையும் கேள்விப்பட்டவர்கள் கேள்விப்பட்டதையும் சொன்னார்கள், தாயம் உருட்டியவர்கள் தாயம் உருட்டியதைச் சொன்னார்கள், சொன்னவர்களின் வீட்டுக்கு அவரவர் அனல் திரும்பியது. இனி இரவல் அனல் யாருக்கும் இல்லை. மறுபடியும் கண்மாய்க்குப் போய் முள்ளை ஒடிக்க வேண்டியிருந்தது, மறுபடியும் கண் எரிந்தது, சுண்ணாம்பு அடித்த சுவர்கள் கறுக்கத் தொடங்கின. கண்மாயில் மட்டும் யாரும் யாரையும் விரட்டவில்லை. விரட்டுகிறவருக்கு நடக்கத் தெம்பில்லை.

அவர் எல்லோருக்கும் கடைசியாக வந்தார். துண்டில் ஒருபிடி அரிசி முடிந்திருந்தது. பஞ்சவர்ணம் அதை வாங்கிப் பானையில் போட்டாள். தவமணி நன்றாகப் பேசினார். தனக்கும் பெண்பிள்ளை இருப்பதைச் சொன்னார், தூக்கம் வராததைச் சொன்னார், வளர்மதிக்குக் கண்மாய்க்கரையில் கோயில் எடுத்துத் தன் குலசாமியாகவே கும்பிடுவதாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் அது உண்டு. கொன்ற குடும்பமே செத்தவளைச் சாமியாக்கிப் பொங்கல் வைக்கும், கோபம் தணியும். பெற்றவள் சாவு நடந்த இடத்தில் ஒரு பிடி மண் அள்ளிக் கொடுத்தால் போதும்.

"எம்மக உனக்குச் சாமியா வரமாட்டா," என்றாள் பஞ்சவர்ணம். வாழ்நாளில் முதல்தடவையாக அவர் முகத்துக்கு நேரே ஒருமையில் பேசினாள். "வருத்தத்துக்கெல்லாம் சோறு வேகாது. நடந்ததச் சொல்லு."

தவமணி சொன்னார். பைக்கில் விரட்டியதைச் சொன்னார். அவள் மூட்டங்களுக்கு நடுவில் ஓடியதையும், புகையில் வழி தெரியாமல் நின்றதையும், எந்த மூட்டம் வெந்துகொண்டிருக்கிறது எது ஆறியது என்பது தனக்குத் தெரியும் அவளுக்குத் தெரியாது என்பதையும் சொன்னார். தண்ணீர் லேசாக முணுமுணுத்தது. கட்டைப் போட்டுவிட்டு ஓடு, உன்னை விட்டுவிடுகிறேன் என்று தான் கத்தியதைச் சொன்னார்.

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

தவமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். "போட மாட்டேன்னுச்சு. 'வெறுங்கையோட போனா அம்மா ஏசும்'னுச்சு. சொல்லிக்கிட்டேதான் ஏறுச்சு."

பானை பொங்கி வழிந்தது.

 அவள் சோற்றை வடித்து, தட்டில் போட்டு, உப்பு வைத்தாள். அவர் தின்றார். சூடு நாக்கைப் பொசுக்க, மூக்கிலும் கண்ணிலும் ஒழுக, பிள்ளைத்தாய்ச்சி நாய்போல் தின்றார். அவர் அடுப்பின் முன் குனிந்து மெலிவதைக் கரையில் நின்று பார்த்தபோது இருந்த நிறைவு அவளுக்கு இப்போது இல்லை. வேறொன்று இருந்தது, அதற்கு அவளிடம் பெயர் இல்லை. அவர் தட்டை வழித்துவிட்டு, வீட்டில் அடுப்பு சுடும் என்ற நம்பிக்கையோடு போனார். சுடவில்லை. மறுநாள் அரிசியோடு வந்தார்.

"நேத்தே சொல்லிட்டேனே ஆத்தா."

"சோறு நேத்து மட்டுமா தின்ன? இன்னைக்கும்தான திங்கணும்?"

அப்படித்தான் அது வழக்கமானது. தவமணி தினமும் வந்தார், முதலிலிருந்து சொன்னார், சோறு வெந்தது, தின்றுவிட்டுப் போனார். ஊர் அதையும் பழகிக்கொண்டது. "இப்பத்தான் விரட்டுற எடத்துல இருக்காக, வேக இன்னும் நேரமாகும்" என்று அந்த வழியாகப் போகிறவர்கள் சொல்லிப் போனார்கள். அவர் உடம்பு தேறியது. பஞ்சவர்ணத்தின் உடம்பு இளைத்தது.

ஒரு நாள் அவர் சொல்லிக்கொண்டே வந்தவர், அவள் அடுப்புக்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, இரக்கம்தான் என்று சொல்ல வேண்டும், "போட மாட்டேன்னுச்சு" என்றதோடு நிறுத்தி, அடுத்ததை விட்டுவிட்டு, ஏறியதையும் விழுந்ததையும் சொல்லி முடித்தார். பானை சும்மா இருந்தது. அரிசி அடியில் வெள்ளையாகக் கிடந்தது தெரிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையைத் தூக்கவில்லை.

"அதையும் சொல்லு," என்றாள் பஞ்சவர்ணம்.